பழைய வினாத்தாளும் சீனத்து அரசுத் தேர்வும்

தேர்வு நெருங்கியதும் சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேடி எடுத்துப் பயில்வது மாணவர் வழக்கம். தொடக்கப்பள்ளிச் சிறுவர் முதல் அரசாங்கப் பணிக்குரிய போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிகள் வரை எல்லாரும் இதனைச் செய்கின்றனர். ஆசிரியருள் ஒரு சாரார் இதனை நல்ல பயிற்சி என்பர். மற்றொரு சாரார் படிப்பைக் கெடுக்கும் குறுக்கு வழி என்பர். இவ்விரு கட்சியாரும் தத்தம் அநுபவத்தையே சான்று காட்டுவதால் வாதம் முடிவதில்லை. ஆனால் பழைய தாளைக் கொண்டு படிப்பது நாளடைவில் என்ன செய்யும் என்பதை அறிய, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுதான் சீனப் பேரரசின் அரசுத் தேர்வு. இங்கே நம் அண்டை வீட்டில் வாழும் சீனரின் முன்னோர் கண்ட நல்லதும் கெட்டதும் தமிழாசிரியருக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கு விளக்குகிறேன்.

சூய் மரபினர் ஆட்சியில், 605ஆம் ஆண்டை ஒட்டி, இத்தேர்வு தொடங்கியதாக வரலாற்று ஆசிரியர் கொள்வர். இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 1905 வரை அது நடந்தது. குலப் பெருமையை மட்டும் பாராது, எழுதிய விடையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்து மாவட்ட அதிகாரியாகவோ அரண்மனை அலுவலராகவோ அமர்த்துவதே இதன் நோக்கம். தேறியவன் குடும்பம் தலைநிமிரும். தேறாதவன் நரைத்த தலையுடன் மறுபடியும் எழுத வருவான். இத்தனை பெரிய பரிசு எதிரே இருக்கும்போது, ‘என்ன கேட்பார்கள்?’ என்று முன்கூட்டி அறிய முயல்வது இயற்கையே.

தாங் மரபினர் காலத்தில் (618–907) சாத்திர நூல் தேர்வு ஒன்று இருந்தது. நூலின் ஒரு பக்கத்தை எடுத்து, முன்னும் பின்னும் மறைத்து, ஒரு வரியை மட்டும் காட்டி, அவ்வரியிலும் சில எழுத்துகளின் மேல் காகிதத் துண்டை ஒட்டிவிடுவார்கள். மறைந்த எழுத்துகளை மாணவன் சொல்ல வேண்டும். இன்று நாம் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று கேட்கிறோமே, அதன் பாட்டன் இது. எல்லாரும் நூலை மனப்பாடம் செய்துவிட்டதால், வடிகட்டுவதற்காகத் தேர்வாளர்கள் யாரும் கவனியாத மூலைமுடுக்கு வரிகளைத் தேடிக் கேட்கலாயினர். மாணவர் என்ன செய்தனர்? அத்தகைய வரிகளை எல்லாம் திரட்டி, நினைவில் நிற்கும்படி செய்யுளாகக் கட்டி, அந்தச் செய்யுளை மட்டும் உருப்போட்டனர். நம் நிகண்டுகள் செய்யுளில் அமைந்ததும் மனப்பாடத்தின் பொருட்டே. ஆயினும் நிகண்டு கற்றவன் சொற்பொருளைக் கற்றான். இவர்களோ நூலை விட்டுவிட்டு அதன் இடுக்குகளை மட்டும் கற்றனர்.

அதே தாங் காலத்தில் வேறு வகையான தேர்வும் உண்டு. அரசனே ஆணை பிறப்பித்து நடத்தும் தனித்தேர்வில், நாட்டின் நடப்புச் சிக்கல்களைக் குறித்துக் கேள்வி வரும். 806ஆம் ஆண்டில் அத்தகைய தேர்வு ஒன்றுக்கு இரு நண்பர் ஆயத்தம் செய்தனர். ஒருவர் பை ஜூயி (772–846). மற்றவர் யுவான் சென் (779–831). பின்னாளில் சீனத்தின் பெருங்கவிஞர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர்கள் இவ்விருவரும். தாம் பார்த்து வந்த நூலகப் பணி முடிந்ததும், தலைநகர் சாங்கானில் ஒரு தாவோ மடத்தில் தங்கிக் கதவை அடைத்துக்கொண்டு பல மாதம் உழைத்தனர். காலத்தின் போக்கை ஆராய்ந்து, எவை கேட்கப்படக் கூடும் என்று ஊகித்து, தாமே வினாக்களை அமைத்து, தாமே விடை எழுதிப் பார்த்தனர். பண்டங்களின் விலையைச் சீராக்குவது எவ்வாறு, உப்புச் சட்டத்தின் கேடுகள் யாவை, ஆற்று வழியே தானியம் கொண்டுவரும் முறையை நிறுத்தலாமா, பௌத்தத் துறவியர் பெருக்கத்தை என்ன செய்வது, மக்கள் பாடும் பாட்டுகளை அரசு திரட்டிக் கேட்க வேண்டுமா என்று இவ்வாறு 75 தலைப்புகள் சேர்ந்தன.

தேர்வில் யுவான் சென் முதல் இடம் பெற்றார். பை ஜூயியும் தேறினார். பிறகு பை ஜூயி அந்த 75 கட்டுரைகளையும் நான்கு பகுதியாகத் தொகுத்து நூலாக்கினார். அதன் முன்னுரையில் அவர் கூறும் செய்தி ஆசிரியர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. தாம் ஆயத்தம் செய்தவற்றுள் தேர்வுக்கு உதவியது நூற்றுக்கு ஒன்றிரண்டுகூட இல்லை. ஆயினும் உழைத்து எழுதியவை ஆதலின் எறிந்துவிட மனம் வரவில்லை என்கிறார்.

நூற்றுக்கு ஒன்றிரண்டுகூட உதவவில்லை. ஆனால் இருவரும் வென்றனர்! எதிர்பார்த்த வினா வராத போதும் வினாவை எதிர்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. அதுமட்டுமா? 809இல் பை ஜூயி சமுதாயக் குறைகளைச் சுட்டி 50 பாடல்கள் எழுதினார். மக்கள் பாட்டைத் திரட்டும் அதிகாரியைப் பற்றிய பாடல் ஒன்று அவற்றுள் உண்டு. மடத்தில் இருந்து எழுதிய பயிற்சிக் கட்டுரை ஒன்றின் கருத்தே அது. தேர்வறையில் செலவாகாத உழைப்பு வேறிடத்தில் விளைந்தது.

ஆனால் இவருடைய புகழே அடுத்து வந்தவர்களுக்குத் தீங்காகவும் முடிந்தது. முன்னர் 803இல் நடந்த ஒரு தேர்வுக்காக அவர் கற்பனை வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதிப் பழகியிருந்தார். அவை ஏறக்குறைய நூறு. அந்தத் தீர்ப்புகளையும் பிற பயிற்சி எழுத்துகளையும் தேர்வு எழுதப் போவோர் படியெடுத்து, இதுவே அளவுகோல் என்று கைக்குக் கை மாற்றிக்கொண்டிருப்பதாக நண்பர்கள் சொல்லத் தாம் கேள்வியுற்றதை அவரே யுவான் சென்னுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். தாமே கேட்டுத் தாமே எழுதிப் பழகியவர் ஒருவர். அவர் எழுதியதைப் பார்த்து எழுதப் பழகியவர் பலர். இரண்டும் பழைய தாளைப் படிப்பதுதான். எனினும் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து வந்த சொங் மரபினர் காலத்தில் (960–1279) தேர்வு முறை மிகவும் கண்டிப்பாயிற்று. 992இல் அரண்மனைத் தேர்வில் விடைத்தாளின் பெயரை மறைக்கும் வழக்கம் வந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாதபடி, எழுத்தர்களைக் கொண்டு ஒவ்வொரு தாளையும் படியெடுத்துப் படியை மட்டும் திருத்துவோரிடம் கொடுத்தனர். இக்காலத்தில்தான் அச்சுத் தொழிலும் பரவிற்று. ஃபூஜியான் மாநிலத்து ஜியான்யாங் போன்ற ஊர்களின் அச்சகத்தார் தேறியவர்களின் கட்டுரைகளை அச்சிட்டு விற்றனர். அரசு பலமுறை தடை விதித்தும் பயனில்லை. கைக்குட்டைப் பெட்டியில் அடங்கும் சிறு நூல்களும் வந்தன. அவை தேர்வுக் கூடத்துக்குள் எப்படிப் போயின என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இங்கே 1057ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது தலைநகரின் உயர்கல்விக் கூடத்து மாணவரிடையே விளங்காத சொற்களைப் பின்னி எழுதும் விந்தை நடை ஒன்று பெருவழக்காக இருந்தது. முந்தைய தேர்வுகளில் அது வெற்றி தந்தபடியால் எல்லாரும் அதனையே பழகி வந்தனர். அவ்வாண்டு தலைமைத் தேர்வாளராக அமர்ந்தவர் ஓயாங் சியு (1007–1072). எளிய தெளிந்த உரைநடைக்காகப் போராடியவர் அவர். விந்தை நடையில் எழுதியவர் அனைவரையும் அவர் தள்ளிவிட்டார். முடிவு வெளியானதும், தோற்றவர்கள் தெருவில் அவருடைய குதிரையைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டனர்; காவலரால் அடக்க முடியவில்லை. அவர் இறந்துவிட்டதுபோல் ஒரு இரங்கலுரை எழுதி அவர் வீட்டில் போட்டவர்களும் உண்டு. அந்தத் தேர்வில் தேறியவர்களுள் இருபது வயதை ஒட்டிய சூ ஷி (1037–1101) ஒருவர். பெயர் மறைந்திருந்ததால், இவ்வளவு நன்றாக எழுதியவன் தன் மாணவன் செங் கோங்காகத்தான் இருப்பான் என்று ஓயாங் சியு எண்ணி, பழிக்கு அஞ்சி, அத்தாளை இரண்டாம் இடத்தில் வைத்தார் என்பர்.

தோற்றவர்களுள் முதன்மையானவன் லியூ ஜி என்பவன். அவனுடைய தாளில் ஓயாங் சியு சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்துத் தள்ளினாராம். இரண்டாண்டு கழித்து 1059இல், அவர் மிகவும் பாராட்டிய ஒரு தாள் முதலிடம் பெற்றது. அதை எழுதியவன் லியூ ஹுய் என்று அறிவித்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு வந்த அதே லியூ ஜிதான் அவன்! ஓயாங் சியு திகைத்துப் போனார் என்று ஷென் குவா என்ற அறிஞர் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவன் இரண்டாண்டில் நல்ல நடையைக் கற்றானா, அல்லது புதிய தேர்வாளரின் சுவையைக் கற்றானா? இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எவ்வாறாயினும், பழைய தாள் காட்டுவது நேற்றைய தேர்வாளரின் மனத்தை மட்டுமே என்பதை அக்கூட்டத்தார் தெருவில் நின்று அறிந்துகொண்டனர்.

இதுகாறும் கூறியவற்றில் பெருங்கேடு ஒன்றும் இல்லை. கேடு வந்தது வினாவின் ஊற்று வற்றியபோது. 1313இல் மங்கோலிய அரசர் பிறப்பித்த ஆணை, கன்பூசியர் வழிவந்த ‘நான்கு நூல்’களையும் அவற்றுக்குச் சூ சீ (1130–1200) எழுதிய உரையையும் தேர்வின் நடுநாயகமாக வைத்தது. மிங் மரபினர் (1368–1644) அதனை இறுக்கினர். முதல் அமர்வில் நான்கு நூலிலிருந்து மூன்று வினா. மாணவன் தன் சிறப்புப் பாடமாக எடுத்த சாத்திர நூலிலிருந்து நான்கு வினா. வினா என்றால், நூலின் ஒரு தொடரைக் கொடுத்துவிடுவார்கள். அதனை விரித்துக் கட்டுரை எழுத வேண்டும். அக்கட்டுரைக்கும் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கட்டுக்கோப்பு உறுதிப்பட்டது. இணை இணையாக நிற்கும் எட்டு உறுப்புகள் கொண்டதால் அதற்கு ‘எட்டுக்கால் கட்டுரை’ என்று பெயர். (எட்டுக்கால் பூச்சியை நினைக்க வேண்டா, ஆனால் சிக்கியவர்கள் வெளிவரவில்லை என்பது மெய்.) வெண்பாவில் தளை தட்டக் கூடாது என்பதுபோல், இதில் இணைகள் எழுத்துக்கு எழுத்து ஒத்து நிற்க வேண்டும். மூன்றாம் அமர்வில் நாட்டு நடப்புப் பற்றிய ஐந்து வினாக்களும் இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான தாள்களைச் சில நாளில் பார்க்க வேண்டிய தேர்வாளர்கள், முதல் அமர்வைப் பார்த்தே முடிவு கட்டினர். பை ஜூயி கதவடைத்துப் பழகிய வகை வினா, இவ்வாறு இருந்தும் இல்லாததாயிற்று.

இதன் விளைவைக் கு யான்வு (1613–1682) எழுதியிருக்கிறார். மிங் அரசு வீழ்ந்ததைக் கண்ணால் கண்டு, புதிய மஞ்சு அரசரிடம் பணிபுரிய மறுத்து ஊர் ஊராய்த் திரிந்து ஆராய்ந்த பேரறிஞர் அவர். ஒரு சாத்திர நூலிலிருந்து தேர்வில் கேட்கத்தக்க தலைப்புகள் சில பத்துகளே என்கிறார். செல்வர் வீட்டார் பேர்பெற்ற எழுத்தாளரை வீட்டில் அமர்த்தி, அத்தலைப்புகளுக்கு ஒவ்வொரு கட்டுரை எழுதச் செய்வர். கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைகளும் கெட்டிக்கார வேலைக்காரச் சிறுவரும் அவற்றை உருப்போடுவர். தேர்வில் பத்துக்கு எட்டு ஒன்பது அப்படியே வரும். பையன் நினைவிலிருந்து எழுதிவிட்டு வந்துவிடுவான். மூல நூலை ஒருமுறைகூடத் திறந்து பாராமலே அந்நூலில் தேறியவர் உண்டு! இந்தக் கட்டுரை முறையின் தீமை, பண்டைச் சின் பேரரசன் நூல்களை எரித்ததற்கு ஒப்பாகும் என்றும், அறிஞரைக் கெடுத்ததில் அவன் நானூற்றறுபதுக்கு மேற்பட்டோரைப் புதைத்ததினும் கொடிது என்றும் அவர் மனம் கசந்து கூறினார். அவர் கசந்ததற்குக் காரணம் உண்டு. இவ்வாறு தேறியவர்கள்தாம் வரி வாங்கினர், வழக்குத் தீர்த்தனர், எல்லை காத்தனர். அவர்கள் கையில் நாடு அழிந்தது.

பை ஜூயிக்கு நூற்றில் ஒன்றிரண்டு. கு யான்வு காலத்துப் பையனுக்குப் பத்தில் எட்டு ஒன்பது. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் ஆசிரியர்களின் வாதம் தெளிவுபடும். பழைய தாளைப் படிப்பது நன்றா தீதா என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. வினா எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நாளுக்கு நாள் மாறும் நாட்டு வாழ்விலிருந்து வினா வந்தால், பழைய தாள் சிந்திக்கும் முறையைக் காட்டும். அதற்குமேல் காட்ட அதனால் இயலாது. வரம்பு கட்டிய ஒரு சிறு நூலிலிருந்தே தலைமுறை தலைமுறையாக வினா எடுத்தால், பழைய தாள் வருங்காலத் தாளாகவே ஆகிவிடும். பிறகு நூல் எதற்கு? பிழை மாணவனுடையதும் அன்று, புத்தகக் கடைக்காரனுடையதும் அன்று. வினா எடுக்கும் நாம்தான் அதற்குப் பொறுப்பு.

கடைக்காரரைப் பற்றியும் சிறிது கூறுவேன். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது பெருவாணிகமாயிற்று. தேர்வாளரின் மாதிரியும் தேறிய தாள்களும் சேர்ந்தது ஒரு வகை. தலைநகர்த் தேர்வில் வென்றவரின் கட்டுரைகள் ஒரு வகை. மாநிலத் தேர்வில் வென்றவருடையவை ஒரு வகை. மாணவர் கழகங்களின் பயிற்சிக் கட்டுரைகள் மற்றொரு வகை. ஒரே தேர்வுக்குச் சில நூறு தொகுப்புகள் சூசோ, ஹாங்சோ நகரங்களில் அச்சாகி வடநாட்டுக்குப் போயின என்று கு யான்வு கணக்குச் சொல்கிறார். நல்ல கட்டுரையைத் தேர்ந்து, வரிகளின் பக்கத்தில் குறிப்பெழுதித் தருவதற்கென்றே தொகுப்பாசிரியர் என்ற தொழிலும் தோன்றிற்று. தேர்வில் தாமே வெல்லாதவர் பலர் இத்தொழிலால் பிழைத்தனர். வூ ஜிங்ஸி (1701–1754) எழுதிய ‘அறிஞர் கூட்டம்’ என்னும் நாவலில் மா என்ற தொகுப்பாசிரியர் ஒருவர் வருகிறார். நல்லவர், கொடையாளி. ஆனால் கவிஞர் போற்றிய ஹாங்சோ மேற்கு ஏரியைச் சுற்றி வந்தும், கடையில் தொங்கும் இறைச்சியும் பலகாரமும்தான் அவர் கண்ணில் படுகின்றன. அவரை வெறுக்க முடியாதபடி ஆசிரியர் படைத்திருப்பதுதான் அந்நாவலின் சிறப்பு.

இத்தொகுப்புகளில் ஒன்று அரசையே நடுங்கச் செய்தது. லியூ லியூலியாங் (1629–1683) என்பவர் மஞ்சு ஆட்சியை வெறுத்த அறிஞர். தேர்வுக் கட்டுரைத் தொகுப்பில் அவருக்கு மிக்க புகழ். கட்டுரைகளுக்கு எழுதிய குறிப்புகளில், அயலார் ஆட்சியைப் பற்றிய தம் எண்ணத்தையும் மறைபொருளாக வைத்தார். அவர் இறந்து நெடுநாளுக்குப் பின், தேர்வில் முன்னேற முடியாத ஹூனான் மாநிலத்துக் கிராம ஆசிரியர் செங் ஜிங் அக்குறிப்புகளைப் படித்து உள்ளம் கொதித்தார். 1728இல் தம் மாணவன் ஒருவன் வழியாகப் படைத்தலைவர் ஒருவருக்குக் கலகம் செய்யும்படி கடிதம் அனுப்பினார். படைத்தலைவர் அதனைப் பேரரசரிடம் தெரிவித்துவிட்டார். விசாரணை முடிவில் லியூவின் பிணத்தைத் தோண்டி எடுத்துச் சிதைத்தனர். அவர் பேரப்பிள்ளைகள் வடகோடிக்கு நாடு கடத்தப்பட்டனர். தேர்வுக்குத் துணைநூல் எழுதியவருக்கு வரலாற்றில் இப்படி ஒரு முடிவு!

வினா எடுப்போரும் வாளா இருக்கவில்லை. நூல் சிறிது, தொடர்கள் எல்லாம் கேட்டாயிற்று. ஆகவே ஒரு பத்தியின் கடைசிச் சொல்லையும் அடுத்த பத்தியின் முதற் சொல்லையும் வெட்டி ஒட்டி, பொருளற்ற புதுத் தொடர் ஆக்கி, அதற்குக் கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கம் கீழ்நிலைத் தேர்வுகளில் பரவிற்று. எந்தத் தொகுப்பிலும் இது கிடைக்காது அல்லவா? ஹெனான் மாநிலத்தில் தேர்வு அதிகாரியாக இருந்த யூ யுவே (1821–1907) இவ்வாறு சாத்திரத் தொடர்களைச் சிதைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1857இல் பதவி இழந்தார். ‘அரசன் விரைந்து ஆணையிடுக, திருப்பி அனுப்புக’ என்ற பொருள்பட வரும் இடத்தை அவர் நடுவில் வெட்டியதால் ‘அரசன் விரைந்து கலகத்துக்கு ஆணையிடுக’ என்றாகிவிட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. உருப்போடுவதை ஒழிக்கப் புகுந்து அறிவையே ஒழிக்கும் மருந்து இது. பதவி இழந்த யூ யுவே, பின்னர் ஹாங்சோவில் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கல்விக்கூடத்தில் கற்பித்தார். சாங் பிங்லின் போன்ற பேரறிஞர் அவரிடம் பயின்றனர். வெட்டி ஒட்டும் வினாவை அங்கே அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பயிற்சி முறை சீனத்தின் எல்லையோடு நிற்கவில்லை. நம் சிங்கப்பூருக்கும் வந்தது. இங்கே சீனத் தூதராக இருந்த சோ பிங் லுங், 1882இல் ஓர் இலக்கியக் கழகம் நிறுவி, மாதந்தோறும் தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் செய்து தாமே திருத்தினார். தலைப்புகளும் முடிவுகளும் ‘லட் பாவ்’ என்ற சீன நாளிதழில் வெளிவந்தன. துறைமுகத்து வணிகர் நகரில் அரசுத் தேர்வின் நிழல் விழுந்தது இவ்வாறு. பின்னர் 1894இல் மாநிலத் தேர்வில் வென்ற கூ சியோக் வான், 1896இல் இங்கே இன்னொரு கழகம் தொடங்கினார். 1898இல் சீர்திருத்தக் கட்சிக்கு ஆதரவாக நாளிதழும் நடத்தினார்.

சீனத்தில் 1898இல் எட்டுக்கால் கட்டுரை நீக்கப்பட்டு, அரண்மனைப் புரட்சியால் சில மாதத்தில் திரும்பி வந்தது. 1901இல் வந்த ஆணை அதனை அறவே நீக்கிற்று. முதல் அமர்வில் சீன வரலாறும் ஆட்சியும். இரண்டாம் அமர்வில் பிற நாட்டு ஆட்சிமுறையும் அறிவுத்துறைகளும். சாத்திர நூல் கடைசிக்குப் போயிற்று. வினாவின் ஊற்று மறுபடியும் திறந்தது. ஆனால் ஆயத்தம் செய்வோர் கையில் இருந்த பழைய தாள்கள் எல்லாம் ஒரே நாளில் வெற்றுக் காகிதமாயின. மேல்நாட்டு வரலாறு, சட்டம், நிதி ஆகியவற்றில் என்ன கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஷாங்காய் அச்சகத்தார் புதுக் கல்வித் தொகுப்புகளைப் பொடி எழுத்தில் அச்சிட்டுக் குவித்தனர்.

பெய்ஜிங் தேர்வுக்கூடம் 1900ஆம் ஆண்டுக் கலகத்தில் அழிந்துபோனதால், 1903, 1904 ஆகிய ஆண்டுகளின் தலைநகர்த் தேர்வுகள் ஹெனான் மாநிலத்துக் கைபெங் நகரில் நடந்தன. வாங் வெய்தாய் என்ற ஷாங்காய்ப் புத்தக வணிகர், 1903இல் மொழிபெயர்ப்பு நூல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அங்கே சென்று, தேர்வு எழுத வந்தவர்களிடையே கடை விரித்தார். எவை விலைபோயின, எவை போகவில்லை என்பதை ஊர் திரும்பிச் சிறு நூலாகவும் எழுதி வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழிந்து, 1905 செப்டம்பர் 2ஆம் நாள், அத்தேர்வே இனி இல்லை என்று அரசாணை வந்தது.